விலகி நில்லுங்கள் என்று எழுதியவர்

அந்தத் தெருவில் அவரைக் கம்பவுண்டர் என்றுதான் சொல்வார்கள். சொந்தக் கடை, சுவரில் சட்டம் போட்டு மாட்டிய உரிமம், வாசலை ஒட்டி ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் இருந்தும், இளம் வயதில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுத்த காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது "முதலாளி" என்று கூப்பிட்டால், தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கண்ணாடி ஜன்னல். மாதத்தின் முதல் வாரத்தில் சுகாதாரத் துறையிலிருந்து அட்டைக் குழாயில் சுருட்டிய படம் ஒன்று எல்லா மருந்துக்கடைகளுக்கும் வரும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், அம்மை குத்திக்கொள்ளுங்கள், நகத்தை வெட்டுங்கள் என்று ஏதாவது சொல்லும். மற்ற கடைக்காரர்கள் வெயிலுக்கு மறைப்பாக அதைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். சிலர் அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் பாட்டில் அடுக்குவார்கள். இவர் மட்டும் அந்தப் படத்துக்கு மேடையே கட்டிவிடுவார். ஈ மொய்த்த பண்டம் கூடாது என்று படம் வந்த மாதம், பழைய குடைக் கம்பிகளை வளைத்துக் கறுப்புத் துணி சுற்றிப் பூனை அளவுக்கு ஓர் ஈ செய்து தொங்கவிட்டார். ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஈ மருந்து விக்கிறீங்களா, ஈயே விக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கம்பவுண்டர் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஈக்குத் துணி தைத்துக் கொடுத்தது அக்கா. கம்பவுண்டருக்கு எட்டு வயதாக இருக்கும்போது பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பதினெட்டு வயது அக்காதான் தையல் மெஷினை மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். அது தள்ளிப்போனதாகவே போய்விட்டது. இப்போது பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். கடைக்கு மேலே இருந்த வீட்டில் தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள் ஆகியோருடன் இருந்தாள். தெருப்பக்க அறை அவளுடையது. பள்ளி விட்டு வந்தால் அந்த மெஷின் சத்தம் கீழே கடைவரை கேட்கும். "அக்கா வந்தாச்சு" என்று கம்பவுண்டர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார்.

ஒரு வருடம் காசநோய்ப் படம் வந்தது. ஒருவன் குனிந்து இருமுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல் எழுந்து, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் தலையில் கை வைக்கிறது. இருமல் நீடித்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்த முறை கூடவே ஒரு கடிதமும் வந்தது. மிகச் சிறந்த ஜன்னலுக்கு நற்சான்றிதழ் தருவார்களாம்.

கம்பவுண்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலின் பின்புறம் முழுக்கக் கறுப்புத் துணி வேண்டும் என்றார். அக்கா தைத்துக் கொடுத்தாள். அதன் நடுவில் படத்தை மாட்டினார். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சிவப்புச் சாயத்தைக் குழைத்து, கண்ணாடியின் குறுக்கே முழ உயர எழுத்தில் 'விலகி நில்லுங்கள்' என்று எழுதினார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அக்கா தெருவில் நின்று பார்த்தாள்.

"கொஞ்சம் பயமா இருக்கேடா."

"பயந்தாத்தான்க்கா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. இனிக்க இனிக்கச் சொன்னா யாரு காதுல போட்டுக்கறா?"

அவள் கடைக்குள் வந்தாள். துணியின் ஓரம் ஒரு பக்கம் ஏறியிருந்ததை மட்டும் இழுத்துச் சரிசெய்துவிட்டு மேலே போனாள்.

நற்சான்றிதழ் அவருக்குத்தான் கிடைத்தது. சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து கொடுத்துவிட்டு, ஒரு மாதப் படத்தை இன்னும் இரண்டு மாதம் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் தெருமுனை இஸ்திரிக்காரரின் மனைவிக்கு அந்த நோய் என்று தெரிந்தது. யார் கண்டுபிடித்தார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியாது. திங்கட்கிழமை ஒருத்தர் காதில் விழுந்தது, புதன்கிழமைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அவர் வண்டிக்குத் துணி வருவது நின்றது. கொடுத்திருந்தவர்கள் வந்து, தேய்க்காத துணியை அப்படியே மூட்டையாக வாங்கிக்கொண்டு போனார்கள். குழாயடியில் அந்தப் பெண் வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. விலகி நின்றார்கள், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் ஒரு கை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் போனார்கள். கம்பவுண்டர் கடைக்குள்ளிருந்து கறுப்புத் துணியை ஒதுக்கிப் பார்த்தார். பாவம் என்று நினைத்தார். தாம் எழுதிய எழுத்துகளின் பின்பக்கத்திலிருந்து, எல்லாம் இடம் வலம் மாறித் தெரிய, அவர்கள் கடந்து போவதைத்தான் பார்த்தோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் அக்கா இருமத் தொடங்கினாள்.

"பஞ்சுத் தூசிடா. நாப்பது பொண்ணுங்க ஒரே நேரத்துல துணியக் கிழிச்சா தொண்டை என்னாகும்?" என்றாள். நியாயமாகத்தான் இருந்தது. இருமல் சிரப் கொடுத்தார். தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தார். வேறு யாராவது மூன்றாவது பாட்டிலுக்கு வந்திருந்தால், "டாக்டரப் பாத்தீங்களா?" என்று கண்டிப்பாகக் கேட்டிருப்பார். அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லை. நடுவில் இரண்டு மாதம் இருமல் குறைந்து முகம் கூடத் தெளிந்தது. "சிரப் கேட்டுடுச்சு பாத்தியா" என்று அவரே பெருமைப்பட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் தொடங்கியது. அவள் ஆள் இளைத்ததாகவும் தெரியவில்லை. சட்டை எப்போதும் போல உடம்போடு பொருந்தித்தான் இருந்தது.

மொத்த மருந்துக் கிடங்கில் வைத்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. சரக்கு எடுக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரின் மறுகோடியில் கடை வைத்திருந்த ஒருவரும் இருந்தார். ஊசி நன்றாகப் போடுவார் என்பதால் எல்லோரும் அவரை ஊசிக்காரர் என்பார்கள்.

"ஒரு அம்மா வந்துட்டு இருந்தாங்க" என்றார் ஊசிக்காரர். "டி.பி. பெரியாஸ்பத்திரி சீட்டு வெச்சிருந்தாங்க. தினம் ஊசி. ரெண்டு பஸ் மாறி எங்கிருந்தோ வருவாங்க. ஏம்மா, உங்க பக்கமே போட்டுக்கலாமேன்னா, வேணாம்பாங்க. ஒண்ணரை மாசம் ஒழுங்கா வந்தாங்க. உடம்பு தேற ஆரம்பிச்சுது. ஒருநாள் உள்ள வந்தவங்க, பெஞ்சுல இருந்த ஒரு பொம்பளையப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. அப்புறம் வரவே இல்ல. பாதியில விட்டா அந்த நோய் சும்மா விடுமா?"

"தெரிஞ்சவங்களா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

"அதுதான். பாவம், நல்ல அம்மா. தையல் வேலை போல. எங்க ஜன்னல்ல படத்துக்குப் பின்னாடி ஒரு துணி போட்டிருக்கேன். வந்த முதல் நாளே, ஓரம் தப்பா மடிச்சிருக்குன்னு சொல்லி, பையிலேருந்து ஊசி நூல் எடுத்து நின்ன நிலையில தெச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. நான் அவங்களுக்கு ஊசி போட்டா, அவங்க எனக்கு ஊசி போட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கம்பவுண்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எழுதி வைத்திருந்த சரக்குச் சீட்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்றார். அவள் நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"யாரு சொன்னா?"

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல? கீழ கடை முழுக்க மருந்து இருக்கு. ரெண்டு பஸ் மாறிப் போயிருக்க."

அவள் நூலை வெட்டி, துணியை மடித்து வைத்தாள்.

"தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல வெச்சிருப்பாங்களா? உன் கடைக்குத்தான் யாராவது வருவாங்களா? அந்த இஸ்திரிக்காரர் பொண்டாட்டியப் பாத்தேன்ல. அவளுக்காவது வண்டியில ஏத்திட்டுப் போக இன்னொரு தெரு இருந்துச்சு. நாம இந்தக் கட்டடத்தையே தூக்கிட்டா போக முடியும்?"

"ஊரு ஆயிரம் சொல்லும்க்கா. நான்..."

"நீதானடா எழுதின" என்றாள். கோபமே இல்லை. பாடம் ஒப்பிக்காத பிள்ளைக்கு அடியெடுத்துக் கொடுப்பது போலத்தான் சொன்னாள். "விலகி நில்லுங்கன்னு. மூணு மாசம் ராத்திரி பகல் அதைத்தான் பாத்துட்டு மாடி ஏறினேன். சரி, நாமளே விலகிக்கலாம்னு இருந்தேன். உன் பொண்ணக் கூட மடியில உக்கார வெச்சுக்கல, கவனிச்சியா?"

அவர் கவனிக்கவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள், அதனால் அத்தை மடிக்குப் போவதில்லை என்று நினைத்திருந்தார்.

மறுநாளே ஊருக்கு வெளியே இருந்த காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பாதியில் விட்ட மருந்து இனிப் பிடிக்காது என்று பெரிய டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். இருந்தாலும் கொடுத்துப் பார்த்தார்கள். நீளக் கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், திறந்தே கிடக்கும் ஜன்னல்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்பவுண்டர் போவார். ஆரம்பத்தில் அழுவதற்கே நேரம் போனது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"நீ அழறதுக்கு நான் இருமணுமாடா? வேற ஏதாவது பேசு" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. படத்தில் வேறு என்ன எழுதியிருக்கலாம் என்று இருவரும் பேசினார்கள். அவர் எழுதிக்கொண்டு போவார், அவள் அடித்துத் திருத்துவாள். "இவ்வளவு நீளமா? மருந்து வாங்க வர்றவன் மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவான்." பக்கத்துக் கட்டில் அம்மாளும் சேர்ந்துகொள்வாள். அவள் புருஷன் மாதம் ஒரு முறை வந்து கதவருகிலேயே நின்றுவிட்டுப் போகிறவன். "குணமாகும்னு போடுங்க. அதை யாருமே சொல்றதில்ல" என்றாள். அக்கா அதை எழுதச் சொல்லிவிட்டு, "திட்டாத மாதிரி எழுதுடா. வியாதிக்காரங்க ஏற்கெனவே தன்னையே திட்டிட்டுத்தான் இருப்பாங்க" என்றாள்.

ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவள் இறந்துபோனாள். அவர் போய்ச் சேருவதற்குள் கட்டிலில் வேறு விரிப்புப் போட்டுவிட்டார்கள்.

அவளுடைய துணிமணிகளை ஒதுக்கும்போதுதான் மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு பக்கமும் தையல் பிடித்திருந்தது. ஒரு தையல், அதற்கு அரை விரல் உள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. உடம்பு கரையக் கரைய, தொளதொளப்புத் தெரியாமல் சட்டையைச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசிச் சட்டையில் ஐந்து தையல் இருந்தது. கம்பவுண்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார்.

அன்றைக்கே நற்சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கினார். பிறகு இஸ்திரிக்காரரைத் தேடிப் புறப்பட்டார். மூன்று நாள் அலைந்து, சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வண்டியைக் கண்டுபிடித்தார். துணியை மடித்துக்கொண்டிருந்தது ஒரு பெண். நல்ல தெம்பாக, கன்னம் நிறைந்து இருந்தாள். அது இஸ்திரிக்காரரின் மனைவிதான் என்று புரிந்ததும் அவர் வண்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"உக்காருங்க" என்று இஸ்திரிக்காரர் ஒரு பலகையை நகர்த்தினார். "ஒண்ணரை வருஷம் மருந்து. ஒரு நாள் விடல. இந்தப் பக்கம் எங்களை யாருக்கும் தெரியாது. அதான் தெரிஞ்சவங்ககிட்ட பட்டுட்டோமே, இனி மறைக்க என்ன இருக்குன்னு தெனமும் கூட்டிட்டுப் போனேன்."

ஊரே ஒதுக்கியவள் பிழைத்துவிட்டாள். கம்பவுண்டர் மன்னிப்புக் கேட்டார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். குணமானவர் என்று சொல்லி அவள் புகைப்படத்தை ஜன்னலில் வைக்கலாமா என்றும் கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் துணியைக் கீழே வைத்தாள். "போன தடவை உங்க கண்ணாடிக்கு வெளிய நின்னப்ப எல்லாரும் என்னைப் பாத்தாங்க. இப்ப அதுக்குள்ளயே வந்து நிக்கணுமா? என்னால ஆகாதுங்க."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு யாரைக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவருக்கு, வீட்டு வாசலில் வந்துதான் விடை தோன்றியது.

அக்கா எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம். அதிலிருந்து அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுத்தார். மனைவி சண்டை பிடித்தாள்.

"வீட்டுல இந்த நோய் இருந்துச்சுன்னு ஊருக்கே எழுதி மாட்டப் போறீங்களா? நமக்குப் பொண்ணு இருக்கு. நாளைக்கு அவளை யாரு கட்டிக்குவா? அண்ணிதான் போய்ச் சேந்துட்டாங்க, அவங்களை நிம்மதியா விடுங்க."

"உயிரோட இருந்தப்ப அவளை வெளிய தெரியாம வெச்சதே நான்தான்" என்றார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

ஜன்னலில் இருந்ததையெல்லாம் அகற்றிவிட்டு, வெள்ளைத் துணி போட்டு, நடுவில் அக்காவின் படத்தை மாட்டினார். கீழே தம் கையால் எழுதினார்: 'இவர் என் அக்கா. தையல் டீச்சர். காசநோய் வந்ததை மறைத்தார். மறைக்க வைத்தது நான் இதே கண்ணாடியில் எழுதிய வார்த்தை. இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. முழுதாகச் சாப்பிட்டால் குணமாகும். உள்ளே வந்து பேசுங்கள்.'

மனைவி படியிறங்கி வந்து தெருவில் நின்று படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுறதுன்னா நேரா மாட்டுங்க. இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்றாள்.

மனைவி பயந்தது பொய்யாகவில்லை. வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் எதிர்வரிசைக் கடைக்கு மாறினார்கள். மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழியை அவள் வீட்டார் இடம் மாற்றி உட்காரச் சொன்னார்கள். மகள் அதை வந்து சொன்ன அன்று அவர் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, "துறை அனுப்பற படத்தைத்தான் வைக்கணும். இப்படிச் சொந்தக் கதையெல்லாம் வைக்கக் கூடாது" என்றார்.

"துறைப் படத்தைப் பக்கத்துல வைக்கிறேன். இதை எடுக்க மாட்டேன்" என்றார் கம்பவுண்டர். ஆய்வாளர் அரைமனதாகப் போனார். பிறகு அவர் கடைக்கு அட்டைக் குழாய் வருவது நின்றுவிட்டது.

ஒரு மாதம் வரை யாரும் உள்ளே வந்து பேசவில்லை. பிறகு ஒரு மதியம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து ஒருவர் வந்தார். பஸ் கண்டக்டர். தலைவலி மாத்திரை வாங்கினார். வாங்கியும் போகாமல் நின்றார். "எனக்கில்ல... ஒரு சிநேகிதனுக்கு" என்று ஆரம்பித்தார். கம்பவுண்டர் சிநேகிதனைப் பற்றியே எல்லாம் கேட்டார், சிநேகிதனுக்கே எல்லாம் சொன்னார், மறுநாள் காலை அந்தச் சிநேகிதனை அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தாமும் போனார். கண்டக்டர் பிழைத்தார். அடுத்து வந்த ஒரு பெண் பிழைக்கவில்லை. இன்னும் சிலர் வந்தார்கள். ஆனால் ஒருவர் பிழைத்ததற்காக அவருக்கு மனம் ஆறியது என்று சொல்ல முடியாது. நல்ல சேதி வரும் நாளில்தான் அவர் அதிகம் பேசாமல் இருப்பார் என்று மனைவி சொல்வாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் காலை இஸ்திரிக்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். வெளியே நின்று ஜன்னலில் இருந்ததை முழுதாகப் படித்தாள். பிறகு உள்ளே வந்து கால் வலிக்குத் தைலம் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.

"அந்த டீச்சரம்மா உங்க அக்காவா?" என்றாள். "எனக்குத் தெரியாதுங்க. எங்க தெருன்னு தெரியும். உங்க அக்கான்னு தெரியாது."

"உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"நாங்க வீட்டக் காலி பண்ணுன அன்னிக்கு யாருமே கிட்ட வரல. அவங்க பள்ளிக்கூடம் போற வழியில வந்தாங்க. கைப்பையக் கீழ வெச்சுட்டு, எங்க பாத்திரம், பாய் எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வண்டியில வெச்சாங்க. சின்னவ சட்டை கிழிஞ்சிருந்துச்சு. அதை அங்கயே உக்காந்து தெச்சும் குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சேம்மான்னேன். ஆகட்டும்னாங்க."

அன்று காலை கம்பவுண்டர் கடைக்குள் நின்று, வண்டி போவதைத்தான் பார்த்தார். அதற்கு முந்தைய அரைமணி நேரம் தெருமுனையில் நடந்தது அவருக்குத் தெரியாது. அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தப் பெண் தைலக் குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். கேட்க வந்தது அது இல்லை என்று தெரிந்தது.

"என்கிட்டேருந்துதான் அவங்களுக்கு ஒட்டிக்கிச்சோ?"

இதே கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் அவரிடம் பதில் தயாராக இருந்திருக்கும். இப்போது அவர் கல்லாவைச் சுற்றி அவள் பக்கம் வந்தார்.

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். "நாப்பது பிள்ளைங்க நடுவுல இருந்தா. பஸ்ஸுல போனா. காத்துல வர்றது எங்கேருந்து வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. வந்ததால அவ சாகல. மறைச்சதால செத்தா. அது உங்க மேல இல்ல."

அவள் தலையசைத்தாள். நம்பினாளா என்பது தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சின்னவள் இப்போது எப்படியிருக்கிறாள் என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடம் போகிறாள், கணக்குத்தான் வரவில்லை என்றாள். அப்புறம் தைலக் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அடுத்த ஆள் காய்ச்சல் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். கம்பவுண்டர் அதை வாங்கிப் படித்தார். எழுத்து தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.